குளிர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அக்டோபரில் மழை பிடித்ததிலிருந்து பிப்ரவரியில் பனி விலகும் வரை கடைக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள். "அக்கா, பாப்பாவுக்குக் குளிர் பட்டு நெஞ்சுச் சளி கட்டிடுச்சு, நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க." சிலர் அதோடு, "போன தடவை குடுத்த அந்த பிங்க் கலர் மருந்து" என்று ஆன்டிபயாடிக்கையும் கேட்பார்கள். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிரை முடித்துவிடுவோம். குளிர் தனியாக யாருக்கும் சளியைக் கொடுப்பதில்லை. கிருமி இல்லாமல் சளிக்காய்ச்சல் இல்லை, நிமோனியாவும் இல்லை. அதற்காகக் குளிருக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ், உடம்பின் 37 டிகிரியை விட மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரிச் சூட்டில்தான் நன்றாகப் பெருகும். குளிர்ந்த காற்றை இழுக்கும்போது மூக்கின் உள்தோலுக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைகிறது. ஆனால் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும் காலையில் வெளியே ஓடி விளையாடும் பிள்ளைக்கு அந்த ஓட்டத்தால் நிமோனியா வந்துவிடாது. குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்கள்தான் பெரும்பாலும் வினையாகின்றன. ஜன்னலை அடைத்துவிடுகிறோம், அறைக்குள் கரி மூட்டுகிறோம், ஆறேழு பேர் ஒரே அறையில் ஒட்டிப் படுக்கிறோம், நாலு அடுக்கு ஸ்வெட்டருக்குள் பிள்ளையின் நெஞ்சையே மறைத்துவிடுகிறோம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

மூச்சுப்பாதைத் தொற்று என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மேல் பகுதி வேறு, கீழ்ப் பகுதி வேறு. மூக்கு, தொண்டை, காதோடு நிற்பது மேல் பகுதித் தொற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை ஜலதோஷம் வருவது சாதாரணம். இருமல் இரண்டு, மூன்று வாரம் இழுப்பதும் சாதாரணம். "எப்பப் பாத்தாலும் சளிதான், எதிர்ப்பு சக்தியே இல்ல" என்று டானிக் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்லி அனுப்புவேன். ஆபத்து கீழ்ப் பகுதியில் இருக்கிறது. சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொண்டால் பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் நிறைந்தால் நிமோனியா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 இல் மட்டும் நிமோனியாவால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 7,40,000 பேர், அந்த வயதில் நடந்த மரணங்களில் 14 சதவீதம். சின்னப் பிள்ளைகளை வேறு எந்தத் தொற்றும் இந்த அளவுக்குக் கொன்றதில்லை.

எந்தக் கிருமி? வைரஸ்களில் ஆர்எஸ்வி, இன்ஃப்ளூயன்சா, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ, ஹியூமன் மெட்டாநியூமோ, அப்புறம் தட்டம்மை. பாக்டீரியாக்களில் நியூமோகாக்கஸும், ஹிப் என்று சுருக்கிச் சொல்லும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி வகையும் முக்கியமானவை. வங்கதேசம், கென்யா, தாய்லாந்து உள்ளிட்ட ஏழு நாடுகளில் கடுமையான நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகளைப் பரிசோதித்த ஒரு பெரிய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. அதில் பத்தில் ஆறுக்கு வைரஸ்தான் காரணம், ஆர்எஸ்வி மட்டுமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது ஆர்எஸ்வியைச் சந்தித்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது வெறும் மூக்கொழுகல். அந்த மூக்கொழுகலோடு வந்து ஒரு மாதக் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறோமே, அப்படித்தான் அது குழந்தையின் நெஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தை பார்க்க வருகிறவர்களிடம் "சளி இருந்தா அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லக் கூச்சப்படவே வேண்டாம்.

2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று எல்லா டிவியிலும் ஓடியது நினைவிருக்கும். நீலகிரியில் முகக்கவசம் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது, கடையில் மாஸ்க் தீர்ந்துபோனது. அது புதிதாக முளைத்த வைரஸ் இல்லை. நெதர்லாந்தில் 2001 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே சொன்ன பட்டியலில் ஹியூமன் மெட்டாநியூமோ என்று எழுதியிருக்கிறேனே, அதேதான். அந்த வாரம் மாஸ்க்குக்கு அலைந்த அதே அக்கறையைத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுப்பதிலும் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நியூமோகாக்கஸ் பாக்டீரியா பல பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் ஒன்றும் செய்யாமல் குடியிருக்கும். வைரஸ் வந்து மூச்சுப்பாதையின் உள்தோலைப் புண்ணாக்கிய பிறகுதான் அது கீழே இறங்க வழி கிடைக்கிறது. சாதாரண சளியாகத் தொடங்கி, மூன்று நாளில் தேறுவது போலத் தெரிந்து, நாலாம் நாள் மறுபடி காய்ச்சல் ஏறி மூச்சு வாங்கினால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சரி, ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வைரஸ்தான் வருகிறது. ஒரு பிள்ளை நாலு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து ஓடுகிறது, இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறது. ஏன்?

நான் முதலில் கை காட்டுவது புகையை. நம்ம பக்கம் கேஸ் இணைப்பு இல்லாத வீடு இப்போது குறைவு. ஆனால் கேஸ் இருக்கிற வீட்டிலும் விறகடுப்பு அணைவதில்லை. வெந்நீர் வைக்க, மாட்டுக்குக் காய்ச்ச, நனைந்த துணியைக் காயவைக்க, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர் காய. கற்பூர மரக் கட்டை, சீகை விறகு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எது கிடைக்கிறதோ அது எரியும். மழைக்காலத்தில் எல்லாமே ஈரம், ஈர விறகு எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய மயிரிழைகளை முடக்கிவிடுகின்றன. சளியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றும் துடைப்பம் அந்த இழைகள்தான், அவை அசையாவிட்டால் உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும். கைக்குழந்தை நாள் முழுக்க அம்மாவின் இடுப்பில், அம்மா அடுப்படியில், ஆக அம்மா இழுக்கும் புகையைப் பிள்ளையும் இழுக்கிறது. பிள்ளையின் மூச்சுக்குழாய் அம்மாவுடையதை விட எவ்வளவோ குறுகலானது, அது நிமிடத்துக்கு இழுக்கும் மூச்சும் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் சுவாசிக்கும் புகை சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை உட்காரவைத்தது குவாத்தமாலாவில் நடந்த ஒரு ஆய்வு. அதுவும் நம்ம ஊர் போல மலைநாடு, ஊட்டி அளவு உயரத்திலும் அதற்கு மேலேயும் இருக்கும் கிராமங்கள், வீட்டுக்குள் திறந்த அடுப்பு. கிர்க் ஸ்மித் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் வாராவாரம் கவனித்தார்கள். முடிவு 2011 இல் வெளிவந்தது. மொத்தமாக நிமோனியா குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு புகைபோக்கிக்கு இவ்வளவு பலன்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையாகிவிடும். பிற்பாடு அவரும் மற்றவர்களும் சேர்ந்து இன்னும் பெரிதாக, நான்கு நாடுகளில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள், அதில் இந்தியாவுக்கான இடம் நம்ம தமிழ்நாடுதான். கர்ப்பிணிகளின் வீட்டுக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து, பிறந்த குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை பார்த்தார்கள். சமையல் புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2024 இல் வந்த முடிவின்படி, கடுமையான நிமோனியாவில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியானால் கேஸ் வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமையலடுப்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டால் போதாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். குளிர்காய மூட்டும் நெருப்பு, அப்பா பிடிக்கும் பீடி, கொசுவத்தி, குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்குப் போடும் சாம்பிராணி எல்லாம் புகைதான். சாம்பிராணியை நம்மால் விட முடியவில்லை என்று தெரியும். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டிவிட்டு, அடுப்பு இல்லாத இளஞ்சூடான அறையில் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாலே குழந்தையின் முடி காய்ந்துவிடும், அதற்குப் புகை தேவையே இல்லை. பீடி, சிகரெட்டை வாசலில் நின்று பிடித்தாலும் அதன் கழிவு ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. பிடித்துவிட்டு வருகிறவர் சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டியில் கங்கைக் கொட்டி அறைக்குள் வைப்பதில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பலரும் அதைச் சுத்தமானது என்று நம்புகிறார்கள். அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. வாடை கிடையாது, கண் எரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கங்கோடு ஒருபோதும் தூங்காதீர்கள். குளிர் காய்ந்தே ஆக வேண்டும் என்றால் சாயங்காலமே காய்ந்துவிட்டு, படுக்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிட்டு, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். பிள்ளைக்கு உடம்புச் சூடு போதும், ஒரு கம்பளியும் அம்மாவின் அணைப்பும் இருந்தால் அறை சூடாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது நெருக்கம். எஸ்டேட் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அதில் மூன்று தலைமுறை. பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சளி அன்று ராத்திரியே சின்னப் பிள்ளைக்குப் போய்விடும். மழை நாளில் ஈரத் துணி முழுக்க உள்ளே கொடியில் தொங்கும், சுவரில் கறுப்பாகப் பூஞ்சை ஏறும், அந்தப் பூஞ்சை இருக்கும் வீட்டில் இழுப்பு வரும் பிள்ளைகளுக்கு இழுப்பு கூடும். இதற்கு அந்த அம்மாக்களைக் குறை சொல்வது அநியாயம். வீட்டை அப்படிக் கட்டிக் கொடுத்தது அவர்கள் இல்லை. கூரை ஒழுகலைச் சரிசெய்வதும் அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி வைப்பதும் நிர்வாகத்தின் வேலை, அதைக் கேட்டு வாங்க வேண்டியது சங்கங்களின் வேலை, கூலி உயர்வு கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்க வேண்டும். வீட்டில் நம்மால் ஆகக்கூடியது இவ்வளவுதான்: மதியம் வெயில் விழும் ஒரு மணி நேரமாவது ஜன்னலையும் கதவையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். இருமுகிற பெரியவர் கைக்குழந்தை பக்கத்தில் தலை வைத்துப் படுக்க வேண்டாம், கால் பக்கமாகத் தலை வைத்தால்கூடக் கொஞ்சம் விலகல் கிடைக்கும். வெளியிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர் உறைவது போல இருக்கும், தெரியும், ஒரு சொம்பு வெந்நீர் கலந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது சாப்பாடு. குன்னூருக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு, நம்ம ஆட்கள் பலருக்கே தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது குன்னூரில்தான். பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு அறையில் 1918 இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கியது, 1958 இல் ஹைதராபாத்துக்குப் போனது. மெக்காரிசன் எலிகளைப் பிரித்து ஒரு கூட்டத்துக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொடுத்தார். இன்னொரு கூட்டத்துக்கு அந்தக் கால இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டை, அதாவது வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை நிறையப் போட்ட டீ, வேகவைத்த கிழங்கு போன்றவற்றைக் கொடுத்தார். முதல் கூட்டம் திடமாக வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் சூம்பிப்போனதோடு அவற்றுக்கு நுரையீரல் நோயும் வயிற்று நோயும் அதிகம் வந்தன. எலிக்கு நடந்தது அப்படியே பிள்ளைக்கு நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சத்துக் குறைந்த பிள்ளைக்கு நிமோனியா வந்தால் அது கடுமையாகும், உயிரை எடுக்கும் வாய்ப்பும் கூடும் என்பது பிறகு உலகம் முழுக்க நிரூபணமான விஷயம். காலையில் டீயில் வர்க்கியை, அதாவது நம்ம ஊர் மொறுமொறு பிஸ்கட்டை, நனைத்துக் கொடுத்துப் பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பும் வீடுகள் நம்ம மலையில் எத்தனை! வர்க்கி மேல் எனக்குக் கோபமில்லை, எனக்கும் பிடிக்கும். அது இரண்டு வயதுப் பிள்ளையின் காலைச் சாப்பாடாகக் கூடாது. ஒரு முட்டை, கொஞ்சம் பருப்புச் சாதம், ராகிக் களி, தோட்டத்துக் கீரை, எதுவானாலும் டீயை விட நல்லது. டீ வேறு சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். தாய்ப்பால் வழியாகப் போகும் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் காவல் நிற்கிறது. அம்மாவுக்குச் சளி பிடித்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள். "எனக்குக் குளிர்ச்சி, பால்ல இறங்கி பாப்பாவுக்குச் சளி ஆயிடும்" என்று பாலை நிறுத்திவிட்டு டப்பா பால் கேட்டு வரும் இளம் அம்மாக்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சட்டத்தில் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு இருக்கிறது, தோட்டத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். ஆனால் தற்காலிகமாகக் கொழுந்து பறிக்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் அது கைக்கு எட்டுவதில்லை. மூன்றாம் மாதமே வேலைக்கு இறங்குகிறார்கள், பிள்ளை காப்பகத்தில் ஆயாவிடம் புட்டிப் பால் குடிக்கிறது, அங்கே இன்னும் பத்துப் பிள்ளைகளின் சளி.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பு ஊசிக்குள் இருக்கிறது, இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசு அதைக் கொடுக்கத் தொடங்கியது. நியூமோகாக்கஸ் ஊசி, பிசிவி, நம்ம மாநிலத்தில் 2021 முதல் இலவசம். அதற்கு முன் தனியாரிடம் ஒரு ஊசிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆறாம் வாரம், பதினாலாம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. ஒன்பதாம் மாதமே தட்டம்மை ருபெல்லா ஊசியும் உண்டு, தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா மிக மோசமானது. கக்குவான் இருமலுக்கான முத்தடுப்பு ஊசி மருந்தைத் தயாரித்த இடங்களில் ஒன்று, 1907 இல் தொடங்கிய நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனம். ஊசி போட்ட ராத்திரி பிள்ளை காய்ச்சலில் அழுதது என்பதற்காக அடுத்த தவணையைத் தள்ளிப்போட வேண்டாம். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் பக்கத்தில் இருந்தால் இதை அவர்களிடமும் சொல்லுங்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள், எந்த மாநிலத்துப் பிள்ளையானாலும் காசு கிடையாது, விட்டுப்போன தவணையையும் பார்த்துச் சொல்வார்கள்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே முக்கியமான காரணம். நிமோனியாவை வீட்டிலேயே சந்தேகிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், போனில் இருக்கும் கடிகாரம் போதும். மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது, குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் வேகமான மூச்சு. சளி இருமலோடு வேகமான மூச்சும் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், என் கடைக்கு வரக் கூடாது.

எண்ணும்போது ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். நம்ம மலையில் இதுதான் பெரிய சிக்கல். பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேலே ஒரு ஜெர்கின், அதற்கும் மேல் சால்வை. இவ்வளவையும் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையின் நெஞ்சை இரண்டு மூன்று நாளாக வீட்டில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே, நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே போகிறதா என்று. நம்ம பேச்சில் "குழி விழுது" என்பார்கள். அப்படிக் குழி விழுந்தால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வந்தால் காத்திருக்கவே கூடாது. பால், தண்ணீர் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, உதடு நீலம் பாரிப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாமலேகூட நிமோனியா இருக்கலாம், பால் குடிக்க மறுப்பதும் உடம்பு சில்லிட்டுப் போவதும்தான் அடையாளமாக இருக்கும். அதைக் குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வை போடுவதோடு நிறுத்திவிடக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரைப் பலரும் கொரோனா காலத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் விரலுக்குச் செய்தது குழந்தை விரலில் சரியாக நிற்காது, காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அதோடு நாம் 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறோம், நல்ல பிள்ளைக்கே சமவெளியில் காட்டுவதை விடக் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். அதற்காக 90க்குக் கீழே காட்டுவதை "மலை அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், அது ஆபத்து. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் நெஞ்சில் குழி விழுந்தால் நான் குழியைத்தான் நம்புவேன்.

மருந்து பற்றி. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நிமோனியா வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தேவையான ஆன்டிபயாடிக் கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கேயோ வெறும் மூக்கொழுகலுக்கு அதைக் கேட்டு வாங்குகிறோம். தேவையானவனுக்குக் கிடைக்காமல் தேவையில்லாதவனுக்குப் போகும் பொருளாகிவிட்டது. சீட்டில்லாமல் நான் தர மாட்டேன். செஃபிக்ஸிம் போன்றவை 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன, டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் ஐந்து நாள் எழுதினால் மூன்றாம் நாள் பிள்ளை விளையாடத் தொடங்கியதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த சளிக்கு எடுத்துவைக்காதீர்கள். கலக்கிய சிரப் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

இருமல் சிரப் இன்னும் மோசம். 2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து பிள்ளைகள் இறந்தார்கள், அந்த சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையின் சிரப் அலமாரியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். நச்சு கலக்காத நல்ல சிரப்பும் சின்னப் பிள்ளையின் சாதாரண சளியைக் குணமாக்குவதில்லை. இரண்டு வயதுக்குள் கொடுக்கவே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லிவிட்டது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் தேன் போதும், ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, வெதுவெதுப்பாக அடிக்கடி குடிக்க ஏதாவது, காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால், அவ்வளவுதான். மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள், அது நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெயே ஒருவித நிமோனியாவைக் கொண்டுவரும். கைக்குழந்தைக்குச் சூடம் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம், கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம், வெந்துபோய் வந்த பிள்ளைகள் உண்டு. பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்ததில் உடம்போடு அணைத்து வைத்திருப்பதும், விடாமல் பால் கொடுப்பதும், கஞ்சி காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதும் இன்றைக்கும் சரிதான்.

கடைசியாக மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கீழே கோயம்புத்தூரில் ராத்திரி பத்து மணிக்கும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்விடலாம். இங்கே கடைசி பஸ் போன பிறகு வண்டி கிடைக்காது, மேகம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது, சில ரோடுகளில் யானை நிற்கும். பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் பெரும்பாலும் ராத்திரியில்தான் கூடும். அதனால் முடிவைச் சாயங்காலம் நாலு மணிக்கே எடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை ஸ்வெட்டரைக் கழற்றி மூச்சை எண்ணுங்கள், எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கோத்தகிரி, குன்னூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ கிளம்புங்கள், அவர்கள் ஊட்டி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினாலும் பொழுதோடு போய்ச் சேரலாம். இரவில் குழி விழுந்தால் 108ஐக் கூப்பிட்டு, எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த லைன் என்று தெளிவாகச் சொல்லி, ஒரு ஆளை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். வண்டி வரும் வரை பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப் போட வேண்டாம், மூச்சு வாங்கும் நேரத்தில் வாயில் எதையும் திணிக்க வேண்டாம். தடுப்பூசி அட்டையையும், வீட்டில் ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்களோ அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.